மார்கரெட்டின் காவல் படையும் காணாமல் போன நண்டுகளும்

மார்கரெட்டுக்கு ஊர் வைத்த பெயர் 'கேமரா'. அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் கிடையாது. கேமராவுக்குக் கரண்ட் வேண்டும், அவளுக்கு ஒரு டீ போதும். மற்றபடி இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன.

பழவேற்காட்டிலிருந்து ஏரியை ஒட்டியே ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம் குலுங்கினால் சவுக்குமேடு குப்பம் வரும். நாற்பத்திரண்டு வீடுகள். அதில் எந்த வீட்டில் இன்று குழம்பு, எந்த வீட்டில் நேற்றைய குழம்பு என்று மார்கரெட் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவாள். யார் மகன் புதுச் செருப்பு வாங்கினான், அது எந்தக் காலைக் கடிக்கிறது என்பதும் தெரியும். அவள் கணவர் மாசிலாமணி ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். ஒரு நாளைக்கு மொத்தம் பதினைந்து வார்த்தை பேசுவார். வீட்டுக்கு உண்டான மற்ற வார்த்தைகள் எல்லாம் மனைவி கணக்கில் செலவாகிவிட்டதால் அவருக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

அவளுடைய புகழ் பக்கத்துக் குப்பங்கள் வரை போனது நகைக்கு மெருகு போட வந்த ஆட்களால்தான். இரண்டு பேர், பேண்ட் சட்டை, தோளில் பை. வீட்டில் ஆண்கள் இல்லாத பத்து மணிக்குச் சரியாக வந்தார்கள்.

"அக்கா, தாலிச் செயின கழட்டிக் குடுங்க. பாலீஷ் போட்டா புதுசு மாதிரி ஆயிடும்."

"மெய்யாலுமே ஆவுமா?"

"கேரண்டிக்கா."

"தங்கத்த எடுத்தவொடனே குடுக்க பயமா கீதுபா. மொதல்ல இத்த போட்டுக் காமி" என்று சொல்லி, அடி கரி பிடித்த அலுமினியச் சட்டி ஒன்றை வைத்தாள். அவர்கள் தேய்த்தார்கள். பளபளத்தது. "அடடா" என்று வாயைப் பிளந்து, எதிர்வீட்டுச் சட்டியை வரவழைத்தாள். அதற்கும் அடுத்த வீட்டுச் சட்டி. பதினோரு சட்டி, இரண்டு இட்லிக் குண்டான், ஒரு குத்துவிளக்கு ஆனதும், "இரு, செயின எடுத்துனு வரேன். அதுக்குள்ள என் வூட்டுக்காரரும் அவுரு தம்பிங்க நாலு பேரும் கரைக்கு வந்துருவாங்க. அவுங்களும் மோதிரம் போட்டுனு இருக்காங்க" என்றாள். இரண்டு பேரும் ஓடிய ஓட்டத்தில் மெருகு பாட்டிலை விட்டுவிட்டுப் போனார்கள். அதை வைத்து மாதாவின் கிரீடத்தைத் துலக்கினாள்.

இப்படிப்பட்டவளைத் தலைவியாகப் போடாமல் வேறு யாரைப் போடுவது?

விஷயம் இதுதான். பக்கத்துக் குப்பத்தில் பட்டப்பகலில் இரண்டு படகு எஞ்சின் திருட்டுப் போனது. ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் எஸ்.ஐ. ஜீப்பில் வந்து சர்ச் எதிரே கூட்டம் போட்டார். "உங்க ஊருக்கு மொதல் போலீஸ் நீங்கதான்மா. நாங்க வர்றதுக்குள்ள அரை மணி நேரம் ஆயிடும். நீங்க ஆளுக்கொரு கண்ணா இருக்கணும்" என்றார். பேச்சு எல்லோருக்கும் பிடித்திருந்தது. பிறகு ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்து பத்து தொப்பியும் பத்து விசிலும் எடுத்தார். அது இன்னும் பிடித்திருந்தது.

தொப்பியைப் போட்டுப் பார்த்துக்கொண்டே காசியம்மாள் ஒரு சந்தேகம் கேட்டாள். "மேடம், விசில வாயில வெச்சிக்கினா பறிய எங்க வெச்சிக்கிறது?"

எஸ்.ஐ.க்குப் புரியவில்லை. குப்பத்தில் அவரைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது. இங்கே மார்கரெட், காசியம்மாள் உட்பட ஒன்பது பெண்கள் கையால் நண்டும் இறாலும் பிடிக்கிறவர்கள். காலையில் சேற்றுத் திட்டில் இறங்கி வளையில் கை விட்டு நண்டு எடுப்பார்கள். நண்டைக் கட்டி, நனைத்த கோணியில் போட்டு, கரையில் இருக்கும் ஏலக் கொட்டகை நிழலில் வைத்துவிட்டு, மறுபடி தண்ணீரில் இறங்குவார்கள். அது இறாலுக்கு. மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவிப் போகவேண்டும். அகப்படும் இறாலைப் போட ஓலையில் முடைந்த பறி. கை இரண்டுக்கும் வேலை இருப்பதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். ஒன்பது பெண்களும் பேசாமல் இருக்கிற ஒரே நேரம் அதுதான். குப்பத்து ஆண்கள் அந்த நேரத்தை மிகவும் மதிக்கிறார்கள்.

ஆக, திருடன் வரக்கூடிய நேரத்தில் காவல் படை முழுவதும் வாயில் பறியோடு தண்ணீரில் நிற்கும். விசில் ஊத வழி இல்லை.

"அப்ப கரையில ஒரு ஆள உக்கார வைங்க" என்றார் எஸ்.ஐ.

அந்த ஆளாகத்தான் சிங்காரம் வந்தார். அறுபத்தைந்து வயது. முழங்கால் தேய்ந்து கடலை விட்டவர். பகல் முழுவதும் கொட்டகையில் உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பதுதான் அவர் வேலை. அதையே தொப்பியோடு செய்யச் சொன்னார்கள்.

"மாமாவுக்கு இன்னா குடுக்கறது?" என்று எப்சிபா கேட்டாள். மார்கரெட்டுக்கு எதிர்வீட்டுக்காரி, அந்த ஒன்பது பேரில் வாய் பெரியவள்.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்று தலைவி மார்கரெட் முடித்துவைத்தாள். நாற்பத்திரண்டு வீட்டையும் சேர்த்துப் புதிதாகத் தொடங்கிய வாட்ஸாப் குழுவுக்கு என்ன படம் வைப்பது என்கிற முக்கியமான விவகாரம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

சிங்காரம் அந்த வேலையை எடுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்திருந்தால் எஸ்.ஐ. கண் கலங்கியிருப்பார். தொப்பிக்கு இஸ்திரி போட்டார். ஆடு கொட்டகைக்குள் நுழைந்தால் விசில். நாய் நுழைந்தால் இரண்டு விசில். நண்டு வாங்க வரும் வியாபாரி சீனிவாசனிடம் ஆதார் அட்டை கேட்டார். நாற்பது வருடம் ஒன்றாகக் கடலுக்குப் போன மாசிலாமணியை நிறுத்தி, "பேரு?" என்றார். மாசிலாமணி அன்றைய பதினைந்தில் ஒரு வார்த்தையை அதற்குச் செலவழித்தார்.

வியாழக்கிழமை காவல் தொடங்கியது. சனிக்கிழமை முதல் திருட்டு.

எப்சிபாவின் குரல் வாட்ஸாப்பில் வந்தது. "ஏய், யாருடி அது? என் கோணில நாலு நண்டு காணோம்! நாலும் கொடுக்கு எம்மாம் பெருசு தெரியுமா?" திங்கட்கிழமை காசியம்மாளுக்கு ஐந்து போயிற்று. செவ்வாய்க்கிழமை ஜமுனாவுக்கு ஆறு. அவளுடையது போனதாம், எனக்கு மட்டும் போகவில்லையா என்று மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இப்படியே போனால் ஏரியில் இருக்கும் நண்டைவிடத் திருட்டுப் போன நண்டு அதிகமாகிவிடும் போல இருந்தது.

"காவல் இல்லாதப்ப திருட்டும் இல்ல. இப்ப ரெண்டும் வந்துட்சி" என்று சீனிவாசன் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

இது மார்கரெட்டை ஊசியாகக் குத்தியது. கேமரா இருக்கும்போதே கண்ணெதிரில் திருட்டு. சிங்காரத்தைக் கேட்டாள்.

"அந்நியன் ஒருத்தனும் கொட்டாய்க்குள்ள கால் வெக்கல. நான் மூத்திரத்துக்குக்கூட எழுந்திரிக்கல மார்கரெட்டு" என்றார் அவர், தொப்பியைக் கழற்றாமல்.

அந்நியன் இல்லை என்றால் உள்ளூர். அந்த நேரத்தில் ஊரில் இருக்கிறவர் யார்? குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். ஆண்கள் கடலிலோ காட்டுப்பள்ளித் துறைமுக வேலையிலோ. மிச்சம் இருந்தது மாலதி.

மாலதி ஜமுனாவின் மருமகள். கல்யாணமாகி வந்து இருபத்தாறு நாள். எளாவூர் செக்போஸ்ட் தாண்டி, ஆந்திரா பக்கம் நெல் விளைகிற ஊர். தண்ணீர் என்றால் அவளுக்கு வாய்க்கால் தண்ணீர்தான். கணவன் பிரகாஷ் துறைமுகத்தில் பெயிண்ட் அடிக்கிறான். காலையில் போனால் இருட்டும்போது வருவான். ஒன்பது பேரோடு பத்தாவதாகத் திட்டில் இறங்கவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அதை மாமியாரிடம் சொல்லி, மாமியார் மற்றவர்களிடம் சொல்லி, வருகிற ஞாயிற்றுக்கிழமை பேசி முடிவெடுப்பதாக இருந்தது. ஒன்பது பேரும் சரி என்றால்தான் புதிதாக ஒரு கை திட்டில் இறங்க முடியும். ஒருத்தி வேண்டாம் என்றாலும் கிடையாது.

இந்த மாலதி பின்வாசலில் உட்கார்ந்து நைலான் கயிற்றைச் சாண் சாணாக வெட்டுவதை மார்கரெட் புதன்கிழமை பார்த்தாள். இவளைக் கண்டதும் அந்தப் பெண் கயிற்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். நண்டுக் கொடுக்கைக் கட்டுவதும் அதே நைலான் கயிறு, அதே சாண் அளவு.

மார்கரெட் பெயரைச் சொல்லவில்லை. அது அவள் கொள்கை. வியாழக்கிழமை சாம்சனின் பெண்டாட்டி அவள் கோணியிலும் நண்டு போய்விட்டது என்று சொன்னதும், குழுவில் இப்படி மட்டும் பேசி அனுப்பினாள்: "யாருன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னாத்துக்கு ஊர் வம்பு? ஆனா வந்து ஒரு மாசம்கூட ஆவல. அவ்ளோதான் சொல்லுவேன்."

ஒரு மாதம் ஆகாதவர் ஊரில் ஒருத்திதான். குழுவில் மாலதியும் இருந்தாள்.

சாயங்காலத்துக்குள் குப்பத்தில் அந்த வீட்டைப் பார்க்காமல் நடந்தவர்கள் யாரும் இல்லை. ஜமுனா மார்கரெட் வீட்டு வாசலுக்கு வந்து நின்று அழுதாள். "சோறு துன்னல மார்கரெட்டு. துணிய பையில வெச்சிட்டா. அவுங்க நைனாவுக்கு போன் போட்டுட்டா, நாளைக்கு வந்து இட்டுனு போவாராம். எம்புள்ளைக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

மார்கரெட் எதுவோ சொல்ல வாயைத் திறந்தாள்.  மாசிலாமணி வலை ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ பாத்தியா?" என்றார்.

"கயிறு வெட்டனத பாத்தேன்."

"நண்டு?"

  சில நேரம் இந்த மனிதர் பதினைந்து வார்த்தையும் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றும்.

வெளிச்சம் இருக்கும்போதே தலைவி என்கிற முறையில் விசாரணைக்குப் போனாள். தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினாள். ஜமுனா வீட்டு முனையில் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாலதி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜிப் போட்ட பை. எதிரே, துணி காயப்போடும் ப்ளாஸ்டிக் கிளிப் பதினைந்து. ஒவ்வொன்றும் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"இன்னா இது?"

"நண்டு" என்றாள் மாலதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மார்கரெட் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். கொடுக்கு மாதிரியே வாயைத் திறந்து திறந்து மூடும் கிளிப். அதைக் கடிபடாமல் ஒரு கையால் பிடித்து மறு கையால் கட்டிப் பழகியிருக்கிறது இந்தப் பெண்.

"நேரா கேட்டா சொல்லிக் குடுக்க மாட்டமா?"

"ஞாயித்துக்கெழம நீங்க எல்லாம் கேப்பீங்கன்னு அத்த சொன்னாங்க, நண்டு கட்டத் தெரியுமான்னு. தெரியாதுன்னு சொன்னா சிரிப்பீங்க. அதான் யாருக்கும் தெரியாம..." நிமிர்ந்தாள். "அக்கா, நான் எடுக்கல. எங்க நைனா வர்றதுக்குள்ள யாரு எடுத்தாங்கன்னு கண்டுபிடிச்சி உங்க மூஞ்சில சொல்லிட்டுத்தான் போலாம்னு இருந்தேன். தெரியல. ஆனா எழுதி வெச்சிருக்கேன்."

"எழுதி வெச்சிருக்கியா? எத்த?"

பத்தாவது படித்த பெண். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருந்தாள். "தெனமும் குரூப்ல மொத ஆளா காணோம்னு யாரு சொன்னாங்களோ அவுங்க பேரு மட்டும். அதுக்கப்பறம் சொன்னவங்கள உட்டுட்டேன். அவுங்கல்லாம் மத்தவங்க சொன்னப்பறம் ஞாபகம் வந்தவங்க."

மார்கரெட் முதல் தடவையாக அந்தப் பெண்ணை மரியாதையோடு பார்த்தாள்.

"படி."

"சனிக்கெழம எப்சிபா அக்கா. ஞாயிறு லீவு. திங்கக்கெழம காசியம்மா அத்த. செவ்வா எங்க அத்த. புதன் ஆர்த்தி அக்கா. இன்னிக்கி சாம்சன் அண்ணன் ஊட்டு அக்கா."

"இன்னொரு தரம் படி."

மாலதி படித்தாள். எப்சிபா, காசியம்மாள், ஜமுனா, ஆர்த்தி, சாம்சன் பெண்டாட்டி.  இந்த வரிசை அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

சேற்றுத் திட்டில் முதலில் கை வைக்கிறவளுக்குத்தான் பெரிய நண்டு. அதனால் சண்டை வரக்கூடாது என்று பொங்கல் முடிந்ததும் சீட்டுக் குலுக்கி வரிசை வைப்பார்கள். ஒரு நாளைக்கு ஒருத்திக்கு முதல் கை. அவள் இறங்கி ஒரு சுற்றுப் பிடித்த பிறகுதான் மற்ற எட்டுப் பேரும் இறங்கலாம். இதை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. எழுதி வைத்தால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

"அடியே" என்றாள் மார்கரெட். "இந்தத் திருடன் மொற வெச்சி திருடறான்டி."

"அப்டின்னா?"

"அன்னிக்கி யாருக்கு மொத கையோ அவ கோணிலதான் கை வெச்சிருக்கான். அது உனக்கு எப்டித் தெரியும்? உங்க மாமியாக்காரி உனக்கு இன்னும் சொல்லியே இருக்க மாட்டா. ஞாயித்துக்கெழம முடிவானாதான் சொல்லுவா." தலையில் அடித்துக்கொண்டாள். "இவன் நம்ம ஊரு ஆளு. பழைய ஆளு."

"நாளைக்கி யாருக்கா மொத கை?"

"எனுக்குத்தான்."

வெள்ளிக்கிழமை காலை மார்கரெட் எப்போதும் போலத் திட்டில் முதல் கை வைத்தாள். பதினாறு நண்டு. ஊரில் யாரும் அன்று எண்ணிக்கை கேட்கவில்லை, ஆனாலும் இருமுறை எண்ணினாள். கோணியைக் கொட்டகையில் வைத்தாள். "பாத்துக்க மாமா" என்றாள். "கவலப்படாத, எறும்புகூட வராது" என்றார் சிங்காரம். மற்ற எட்டுப் பேரும் பறியைக் கவ்விக்கொண்டு இறாலுக்கு இறங்கினார்கள். அவளும் இறங்கினாள். இறங்கி, சத்தமில்லாமல் ஒதுங்கி, கரைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த ஃபைபர் படகுக்குப் பின்னால் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டாள்.

கால் மணி நேரம் ஆயிற்று. நீர்க்காகம் ஒன்று அவள் தலையைப் படகு கட்டும் முளை என்று எண்ணி வந்து உட்காரப் பார்த்தது. உஸ் என்றாள். போய்விட்டது. கரையில் ஆடு ஒன்று வந்து ஒரு விசில் வாங்கிக்கொண்டு போனது.

பிறகு சிங்காரம் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்தார். கோணி வரிசையில் நேராக மார்கரெட் கோணிக்கு வந்து, குனிந்து, அதைப் பிரித்தார். பெரிய நண்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். சின்னது ஒன்றை எடுத்து அதையும் வைத்தார். நடுவாந்தரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் துணிப்பையில் போட்டார். கோணியை மூடி, காய்ந்திருந்த பக்கத்தில் தண்ணீர் தெளித்து, திரும்ப வந்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, திருடன் வருகிறானா என்று நான்கு பக்கமும் பார்த்தார்.

மார்கரெட் இடுப்பில் இருந்த விசிலை வாயில் வைத்து ஊதிய ஊதலில் ஏரியில் எட்டு பறிகள் மிதந்தன.

எல்லோரும் சொட்டச் சொட்டக் கரையேறினார்கள். சிங்காரமும் கழியை எடுத்துக்கொண்டு, "எங்க? எங்க பூட்டான்?" என்று முன்னால் ஓடி வந்தார்.

"மாமா, பையில இன்னா?"

"நண்டு."

"யாருது?"

"உன்னுதுதான். இன்னிக்கி உனுக்குத்தான மொத கை?"

இவ்வளவு சுலபமாக எந்தத் திருடனும் ஒப்புக்கொண்டதாக எங்கும் கேள்விப்பட்டதில்லை. காசியம்மாள்தான் முதலில் பேசினாள். "அண்ணே, அப்ப திங்கக்கெழம என் கோணில?"

"எடுத்தேன். கறிக்கு."

அந்த ஒரு வார்த்தையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. படகு தள்ளத் தோள் கொடுத்தவன், வலை இழுக்கக் கை கொடுத்தவன், கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டவன், எவனாக இருந்தாலும் கறிக்கு ஒரு பிடி மீன் எடுத்துக்கொண்டு போவான். கேட்கமாட்டான். கேட்டால், நீ கொடுக்காத ஆள் என்று நினைத்தேன் என்று சொல்வது மாதிரி ஆகிவிடும். குப்பத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். காவலுக்கும் அது உண்டு என்பதைத்தான் ஒன்பது பேரும் மறந்திருந்தார்கள்.

"ரெண்டு நாளு பாத்தேன்" என்றார் சிங்காரம். "நீங்களா எடுத்து வெப்பீங்கன்னு. பாவம், வேலையில மறந்துட்டாளுங்கன்னு நானே எடுத்துக்கினேன். யாரு கோணி ரொம்பி இருக்குதோ அதுலதான எடுக்கணும்? அதான் மொத கைக்காரிகிட்ட. ஒருத்தி மேலயே பாரம் போடக் கூடாதில்ல?"

"அப்ப நாங்க திருட்டு திருட்டுன்னு கத்தும்போது நீ ஏன் மாமா சொல்லல?" என்றாள் எப்சிபா.

"நான் எடுத்தது தெனம் ஒண்ணு. நீங்க நாலு போச்சி, அஞ்சி போச்சின்றீங்க. மிச்சத்த எவனோ எடுக்கறான்னுதான நான் கண்ணு இமைக்காம உக்காந்துனு கீறேன்! கண்ணே எரியிது."

மார்கரெட் மெதுவாக எப்சிபா பக்கம் திரும்பினாள். "எப்சி, உன்னுது நாலுன்னியே?"

"ஒண்ணு... ஒண்ணுதான் அது. ஆனா நாலு எடை இருக்கும்."

"காசிம்மா?"

"நான் அஞ்சா சொன்னேன்? போன் தப்பா எடுத்திருக்கும்."

ஆர்த்திதான் முதலில் சிரித்தாள். அது மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஈரப் புடவையோடு கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தார்கள். அவர்களின் எட்டு பறிகளும் காற்றுக்குத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சிங்காரம் மட்டும் சிரிக்காமல், "அப்ப திருடன் இல்லியா?" என்று கேட்டார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவருக்கு.

மார்கரெட்டின் சிரிப்புதான் முதலில் நின்றது. மணி பதினொன்றரை. ஜமுனா வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் ப்ளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் மாலதியின் பை.

சேறு கால், ஈரப் புடவை, கலைந்த தலை. அப்படியே போய் அவர் எதிரில் நின்றாள். பின்னால் எட்டுப் பேர், அவர்களுக்குப் பின்னால் தொப்பியோடு சிங்காரம். அந்த மனிதர் பயந்து எழுந்துவிட்டார்.

"அண்ணே, நான்தான் மார்கரெட்டு. உங்க பொண்ண திருடின்னு சொன்னது நான்தான். பேரு சொல்லல, ஆனா சொன்னேன். உங்க பொண்ணு எடுக்கல. எவளும் எடுக்கல. தப்பு என்னுது." மன்னிப்பு என்கிற சொல்லை அவள் இதுவரை ஜெபத்தில் மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறாள். மனிதர்களிடம் அது எந்தப் பக்கமாக வெளியே வரும் என்று தெரியாமல் திணறினாள். "மன்னிச்சிக்கங்க. உங்ககிட்ட இல்ல, அவகிட்டதான் கேக்கணும்."

மாலதி கதவோரம் வந்து நின்றாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். 

"குரூப்ல சொல்லுங்க" என்றாள் மாலதி.

"இன்னா?"

"குரூப்லதான சொன்னீங்க? அங்கயே சொல்லுங்க. என் பேரு சொல்லி."

மார்கரெட் கையைப் புடவையில் துடைத்தாள், அதுவும் ஈரம். சிங்காரத்தின் தோளில் கிடந்த துண்டில் துடைத்து, மாலதியின் போனை வாங்கிப் பேசினாள்: "மாலதி எடுக்கல. கேமராதான் கெட்டுப்போச்சி." அவள் அனுப்பிய குரல் செய்திகளிலேயே மிகச் சின்னது அதுதான். நாற்பத்திரண்டு வீட்டிலும் போன் ஒரே நேரத்தில் டிங் என்றது.

மாலதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போதும் உள்ள வாங்கக்கா, நைனாவுக்கு டீகூட குடுக்கல" என்றாள்.

"டீயா? வந்த சம்மந்திக்கு டீயா?" என்று குறுக்கே வந்தார் சிங்காரம். துணிப்பையிலிருந்த நண்டை எடுத்து ஜமுனா கையில் கொடுத்தார். "இது என் கறி. இவருக்கு ஆக்கு." எப்சிபா உடனே கொட்டகைக்கு ஓடிப்போய் நான்கு நண்டோடு வந்தாள். இந்தத் தடவை நான்கு என்பது நான்குதான். காசியம்மாள் பூண்டு உரித்தாள், ஆர்த்தி மிளகு இடித்தாள். ஜமுனா ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் அரைத்துக்கொண்டும் இருந்தாள். பத்தாவது கை பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசவேண்டிய பேச்சு அந்த அடுப்படியிலேயே முடிந்துவிட்டது. "அவளுக்கு மொத கை எனக்கு அடுத்த நாளு. நாளைக்கே எறங்கட்டும்" என்றாள் மார்கரெட். யாரும் மறுக்கவில்லை. கிளிப்பு நண்டு பதினைந்தையும் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலதியின் அப்பா நெல் வயலில் பொடி நண்டு பார்த்தவர். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து வந்த இந்த ஜீவனை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்பது பெண்களும் ஒரே நேரத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்.

"ஓட்ட மொதல்ல தூக்குங்கண்ணே!"

"ஐயே, காலத்தான் மொதல்ல உடைக்கணும்."

"கொடுக்க கடிக்காதீங்க, பல்லு பூடும். இந்தாங்க, அம்மிக் கொழவி."

வியர்த்துப்போய், சட்டைக் கையை மடித்துவிட்டு, கொடுக்கை அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டார். உள்ளேயிருந்து வெள்ளையாகச் சதை முழுசாக வந்தது. வாயில் வைத்தார். அதற்குப் பிறகு யார் பேசியதும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

தெருமுனையில் ஹாரன் கேட்டது.

"நைனா, பஸ் வந்துட்சி" என்றாள் மாலதி.

"போவட்டும்மா" என்றார் தலையைத் தூக்காமல்.

"அடுத்த பஸ்ஸுக்கு நீ மட்டும்தான் போற" என்று சொல்லி, மாலதி அவர் தட்டில் இன்னொரு நண்டை வைத்தாள்.